காது மெஷின்: மும்பையில் இலவசமாக வாங்குவதா, காசு கொடுத்து வாங்குவதா?

அப்பா தாராவியில் ஒரு தகரப் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். பழைய எண்ணெய் டின்னை வெட்டி, தட்டி, நிமிர்த்தி அடுக்குகிற வேலை. காது எப்போது மந்தமானது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. டிவி சத்தம் கூடிக்கொண்டே போனது. அப்புறம் பேத்தி போனில் பேசினால் "அம்மாகிட்ட பேசு கண்ணு" என்று போனை நீட்ட ஆரம்பித்தார். அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

அவசரத்தில் நேராக ஒரு கடைக்குப் போனோம். காதுக்குள் மறைந்துவிடும் சின்ன மெஷின், ஒரு காதுக்கு 38,000 ரூபாய். மூன்றே மாதத்தில் அது அலமாரிக்குப் போய்விட்டது. அப்பாவின் காதுக்கு அந்தச் சின்ன மெஷினின் சக்தி போதாது. உளுந்தளவு பேட்டரியைத் தழும்பேறிய அவர் விரல்களால் பிடித்து மாற்றவும் முடியவில்லை. இரண்டையும் கடைக்காரர் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதன்பின் அரசு வழியில் காசில்லாமல் கிடைத்த மெஷின்தான் நான்காவது வருடமாக அவர் காதில் இருக்கிறது.

அதற்காக இலவசம்தான் நல்லது என்று சொல்ல வரவில்லை. செம்பூரில் இருக்கும் என் சித்திக்கு இலவசத்துக்கு வழியே இல்லை. காசு கொடுத்து வாங்கினார், நன்றாகக் கேட்கிறது. இரண்டு பேரோடும் அலைந்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான்: காசா இலவசமா என்ற கேள்வியை முதலில் கேட்கக் கூடாது. முதலில் காதின் நிலை. இரண்டாவது, மெஷினைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து கொடுக்க ஆள் எங்கே இருக்கிறார் என்பது. காசு மூன்றாவதுதான்.

முதலில் டாக்டர் காதைப் பார்க்கட்டும்

எந்த மெஷினுக்கும் முன்னால் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர். சயான், கேஇஎம், நாயர், கூப்பர் என்று மாநகராட்சியின் பெரிய ஆஸ்பத்திரிகளில் இந்தப் பிரிவு இருக்கிறது. காலையில் போய் கேஸ் பேப்பர், அதாவது நோயாளிச் சீட்டு எடுத்து வரிசையில் உட்கார வேண்டும். அழுக்கு அடைத்துக்கொண்டதால் மட்டும் கேட்காமல் போயிருக்கலாம். செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம், அதை ஆபரேஷனில் சரிசெய்ய முடியலாம். சீழ் வடிகிற காதில் மெஷினை மாட்டி மூடினால் நிலைமை மோசமாகும். இதையெல்லாம் பார்க்காமல் மெஷின் விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நேற்று வரை கேட்ட காது இன்று காலை திடீரென்று கேட்கவில்லை என்றால் அது மெஷின் விஷயமே இல்லை, அவசர சிகிச்சை. அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சீக்கிரம் மருந்து தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம். "சளியா இருக்கும், ரெண்டு நாள் பார்ப்போம்" என்று காத்திருந்து காதை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

கிராஃபைக் கையில் வாங்குங்கள்

டாக்டர் பார்த்த பிறகு ஆடியோமெட்ரி சோதனை. சத்தம் புகாத சின்ன அறையில் ஹெட்போன் மாட்டி, கேட்டால் கையைத் தூக்கு அல்லது பட்டனை அமுக்கு என்பார்கள். அப்பாவுக்கு நடந்தபோது வெளியிலிருந்து அந்தப் பெண், "காகா, ஆவாஜ் ஆலா கா?" என்று கேட்டார். சத்தம் வந்ததா என்று அர்த்தம். அப்பா கேட்டாலும் தலையாட்டினார், கேட்காவிட்டாலும் தலையாட்டினார். வருடக்கணக்காக அப்படித்தான் சமாளித்து வந்திருக்கிறார். நான் உள்ளே போய்த் தமிழில் விளக்கிய பிறகு மறுபடி எடுத்தார்கள், கணக்கே மாறிவிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு ஹிந்தி, மராத்தி சரளமாக வராது என்றால் கூடவே போங்கள். "கேட்கலைன்னா கேட்கலைன்னு சொல்லுங்க, யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க" என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

இதில் தமிழர்களுக்கென்றே இன்னொரு சிக்கலும் உண்டு. வெறும் பீப் சத்தச் சோதனைக்குப் பிறகு, சொற்களைச் சொல்லி அதைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். பேச்சு எவ்வளவு புரிகிறது என்று அளக்கும் சோதனை இது, மெஷின் எவ்வளவு உதவும் என்பது இதிலிருந்துதான் தெரியும். மராத்திச் சொல்லை வைத்து ஒரு திருநெல்வேலிக்காரரைச் சோதித்தால் காது தோற்றதா, மொழி தோற்றதா என்று தெரியாது. தமிழ்ச் சொற்பட்டியல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அவர் தினமும் பேசுகிற மொழி எது என்று சொல்லி, அதைக் கேஸ் பேப்பரில் குறிக்கச் சொல்லுங்கள்.

முடிவாக ஒரு கிராஃப் தருவார்கள். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. கோடு கீழே இறங்க இறங்கக் கேட்கும் திறன் குறைவு. 25 டெசிபல் வரை சாதாரணம், 40 வரை லேசான இழப்பு, அதற்குமேல் நடுத்தரம், 70-ஐத் தாண்டினால் கடுமை, 90-க்குமேல் மிகக் கடுமை. அப்பாவுக்கு வலது 72, இடது 68. சித்திக்கு இரண்டு காதிலும் 46, 48. இந்த எண்கள்தான் இருவரின் பாதையையும் பிரித்தன. அசலை வீட்டில் வைத்துவிட்டு நாலு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், போனிலும் ஒரு படம் இருக்கட்டும்.

இலவசத்துக்கு யார் தகுதி

மத்திய அரசின் அடிப் திட்டம்தான் பெரிய வழி. மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணம் தரும் திட்டம் இது, 1981-லிருந்து நடக்கிறது. தகுதி மூன்று. ஒன்று, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாட்டுச் சான்றிதழ். இரண்டு, வருமானம்: 2022-இல் உயர்த்திய அளவுப்படி மாதம் 22,500 ரூபாய் வரை முழு இலவசம், அதற்குமேல் 30,000 வரை பாதி விலை. பிறரைச் சார்ந்திருப்பவர் என்றால் காப்பாளரின் வருமானத்தைப் பார்ப்பார்கள். மூன்று, கடந்த மூன்று வருடத்தில் அரசிடமிருந்து இதே உபகரணத்தை வாங்கியிருக்கக் கூடாது, 12 வயதுக்குக் கீழான குழந்தைக்கு இது ஒரே வருடம். சொந்தக் காசில் முன்பே ஒன்று வாங்கியது தடையில்லை. அப்பா அப்படித்தான் போனார்.

பலர் தடுக்கி விழுவது சான்றிதழில்தான். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைபாடு என்று கணக்கு. சதவீதம் போடும்போது நன்றாகக் கேட்கும் காதுக்கு ஐந்து பங்கு, மோசமான காதுக்கு ஒரு பங்கு. அதனால் ஒரு காது முழுக்கப் போய் மறு காது நன்றாக இருந்தால் சான்றிதழ் கிடைக்காது. சித்தியைப் போல 46, 48 என்றாலும் கிடைக்காது. வீட்டில் பேசுவதே சிரமமாக இருந்தும் சட்டத்தின் கணக்கில் வராதவர்கள் நிறையப் பேர். இது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சான்றிதழுக்கு ஸ்வாவலம்பன் என்ற அரசு இணையதளத்தில் யுடிஐடி, அதாவது மாற்றுத்திறனாளி அடையாளக் கார்டுக்கு விண்ணப்பம் போட்டு, அங்கே ஒதுக்கும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெரும்பாலும் பெரா என்ற இன்னொரு சோதனையும் கேட்பார்கள். தலையில் ஒயர் ஒட்டி, நாம் பதிலே சொல்லாமல் மூளை சத்தத்துக்கு என்ன செய்கிறது என்று அளப்பது. வலிக்காது. அதற்குத் தேதி கிடைக்கத்தான் நாளாகும். கார்டு வந்துவிட்டால் உபகரணத்துக்கு மட்டுமில்லை, 40 சதவீதத்துக்கு மேல் உள்ளவர் பழைய வருமான வரி முறையில் 75,000 ரூபாய் கழிவும் பெறலாம்.

சான்றிதழ் இல்லாத பெரியவர்களுக்கு ராஷ்ட்ரிய வயோஷ்ரீ யோஜனா என்று வேறொரு வழி உண்டு. 2017-இல் ஆரம்பித்த திட்டம், தொடக்க விழா நெல்லூரில் நடந்தது. 60 வயது நிரம்பி, வறுமைக் கோட்டுக்குக் கீழே அல்லது மாதம் 15,000 ரூபாய்க்குள் வருமானம் இருந்தால் கைத்தடி, கண்ணாடி, பல்செட்டோடு காது மெஷினும் தருகிறார்கள். கான்பூரைச் சேர்ந்த அரசு நிறுவனமான ஆலிம்கோ முகாம் போட்டு முதலில் அளவெடுத்து, பிறகொரு நாள் வழங்கும். முகாம் எப்போது என்பதை வார்டு அலுவலகத்திலும் எம்.எல்.ஏ. அலுவலகத்திலும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். போர்டில் 'ஷ்ரவண் யந்த்ர' என்று மராத்தியில் எழுதியிருப்பார்கள், அதுதான் காது மெஷின். மகாராஷ்டிர அரசும் 2024-இல் முக்யமந்த்ரி வயோஷ்ரீ என்று ஒன்றைத் தொடங்கி, 65 வயதைத் தாண்டிய ஏழை முதியோரின் வங்கிக் கணக்கில் இப்படிப்பட்ட சாமான்கள் வாங்க 3,000 ரூபாய் போட்டது. அந்தப் பணத்தில் நல்ல டிஜிட்டல் மெஷின் வராது, பேட்டரிச் செலவுக்கு ஆகும்.

ஈஎஸ்ஐ கார்டு, ரயில்வே மெடிக்கல் கார்டு, மத்திய அரசு ஊழியர்களுக்கான சிஜிஹெச்எஸ் மருத்துவக் கார்டு இருக்கிறவர்கள் இந்த வரிசை எதிலும் நிற்கும் முன் அங்கே கேளுங்கள். மும்பைத் தமிழர்களில் ரயில்வேயிலும் மத்திய அரசு அலுவலகங்களிலும் இருந்து ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு இப்படி ஒரு உரிமை இருப்பதே தெரியவில்லை. சித்தப்பாவின் சிஜிஹெச்எஸ் கார்டால்தான் சித்தி வாங்கிய மெஷினுக்கு ஒரு பகுதிப் பணம் திரும்ப வந்தது. அதற்கு வாங்கும் முன்பே அரசு டாக்டரின் பரிந்துரையும் அனுமதியும் வேண்டும். வாங்கிவிட்டு பில்லோடு போனால் அலைச்சல்தான் மிஞ்சும்.

பாந்திராவுக்குப் போகிற நாள்

மும்பையில் இருப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை, தேசிய அளவிலான செவித்திறன் நிறுவனமே இங்கே இருக்கிறது. அலி யாவர் ஜங் பெயரில் 1983-இல் தொடங்கியது, பாந்திரா மேற்கு, ரெக்லமேஷன், கே.சி. மார்க். சோதனை, அச்சு எடுப்பது, அடிப் மெஷின், பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே வளாகத்தில். வெஸ்டர்ன் லைனில் பாந்திராவில் இறங்கி மேற்குப் பக்கம் வந்து ஆட்டோ பிடியுங்கள். ஆட்டோக்காரரிடம் "ரெக்லமேஷன்" என்று சொல்லுங்கள். வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேக்கும் அலி யாவர் ஜங் மார்க் என்றே பெயர். பெயரை மட்டும் சொன்னால் கிழக்கே ஹைவேயில் கொண்டுபோய் விடலாம்.

ஆதார், யுடிஐடி கார்டு அல்லது சான்றிதழ், வருமானச் சான்று, ரேஷன் கார்டு, இரண்டு போட்டோ, பழைய கிராஃப் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் சேர்த்து ஒரே ஃபைலில் வையுங்கள். எந்த வருமானச் சான்றை ஏற்பார்கள் என்பதை முதல் தடவை போகும்போதே கவுண்டரில் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள். ஒரே நாளில் முடியும் என்று நினைத்துப் போகாதீர்கள். பெரியவருக்குத் தண்ணீர், சாப்பாடு, மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள்.

காதில் ஒரு மாவு போன்ற பிசினை விட்டு அச்சு எடுப்பார்கள். அந்த அச்சில் செய்வதுதான் மோல்டு, காதுக்குள் பொருந்தி உட்காரும் பகுதி. மெஷின் கீச்சென்று விசில் அடித்தால் பத்தில் எட்டுத் தடவை மோல்டு தளர்ந்திருக்கும், அல்லது சரியாக மாட்டவில்லை. மெஷின் கெட்டுப்போனது என்று நினைத்துப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் காதுக்குப் பின்னால் மாட்டும் டிஜிட்டல் மெஷின். பார்க்கக் கொஞ்சம் பெரிது. ஆனால் கடுமையான இழப்புக்குச் சக்தி வேண்டும், சக்திக்குப் பெரிய பேட்டரி வேண்டும். அப்பாவுக்கு அந்தப் பெரிய அளவே வசதியாகிவிட்டது. கூட்டத்தில் பேச்சையும் இரைச்சலையும் பிரிக்கும் நுணுக்கம், போனோடு புளூடூத் இணைப்பு எல்லாம் அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

காசு கொடுத்து வாங்கினால்

ஒரு காதுக்கு 15, 20 ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டிப் போகும். விலை சொல்லும்போது ஒரு காதுக்கா, ஜோடிக்கா என்று கேளுங்கள். காது மெஷினுக்கு ஜிஎஸ்டி இல்லை, பில்லில் சேர்த்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். பொருத்துகிறவர் ஆர்சிஐ எனும் மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்டா, அதாவது செவித்திறன் நிபுணரா என்று பாருங்கள், பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பில்லை. ஆன்லைனில் ஐநூறு ஆயிரத்துக்கு விற்பது வெறும் சத்தம் பெருக்கி. கிராஃபுக்கு ஏற்ப அமைக்க முடியாது, எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி ஏற்றும்.

போனாக், சிக்னியா, ஓட்டிகான், வைடெக்ஸ் என்று பிராண்டுகளை ஒப்பிட்டு மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரே பிராண்டில் விலை ஏறுவது சத்தத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சரிசெய்யும் சானல்களின் எண்ணிக்கைக்கும் இரைச்சலைக் குறைக்கும் வசதிக்கும்தான். வீட்டிலேயே இருந்து இரண்டு பேரோடு பேசுகிறவருக்கு நடுத்தர விலையே போதும். கோயில் கமிட்டி, கச்சேரி, கூட்டம் என்று போகிறவர், இன்னும் வேலைக்குப் போகிறவர் என்றால் மேலே போவதில் அர்த்தம் உண்டு. சித்திக்கு வாங்கும்போது நான் இரண்டு விலையில் மெஷின் மாட்டச் சொல்லி, ஏசி அறையை விட்டு வெளியே கூட்டிவந்தேன். செம்பூர் ஸ்டேஷன் பக்கம், மாலை நேரம், ஆட்டோ ஹாரனும் காய்கறிக்காரர் குரலும். பின்னால் நின்று, "சித்தி, முருங்கைக்காய் கால் கிலோ எவ்வளவுன்னு கேளுங்க" என்றேன். விலை அதிகமான மெஷினில் உடனே திரும்பினார். விலை குறைந்ததில் இரண்டாம் தடவை. "இதுவே போதும்டா, மிச்சத்துல மூணு வருஷம் பேட்டரி வாங்கலாம்" என்று குறைந்த விலையையே எடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் பார்க்கத் தருகிற இடம் இருந்தால் அந்த இடத்துக்கே முன்னுரிமை கொடுங்கள்.

எழுதி வாங்க வேண்டியவை: வாரண்டி எத்தனை வருடம், திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை தடவை இலவசமாக டியூன் செய்வார்கள். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். மெஷின் முதல் நாளிலேயே சரியாக அமையாது. இரண்டு மூன்று தடவையாவது போக வேண்டும். அதனால் லோகண்ட்வாலாவில் தள்ளுபடி கிடைக்கிறது என்று டோம்பிவிலிக்காரர் அங்கே வாங்கினால், இரண்டாம் தடவை போகவே மாட்டார். இதே கணக்கு இலவசத்துக்கும் பொருந்தும். தாராவியிலிருந்து பாந்திரா பக்கம், கல்யாணிலிருந்து அரை நாள் போய்விடும்.

எனக்குச் சரியென்று படுவது

60 டெசிபலுக்குமேல், வருமானமும் வரம்புக்குள் என்றால் இலவசத்தையே முதலில் முயலுங்கள். கடன் வாங்கி மெஷின் வாங்காதீர்கள். அது வந்து ஆறு மாதம் பழகிய பிறகு எது குறைகிறது என்று உங்களுக்கே தெரியும், பிறகு காசு போடலாம். 40-க்கும் 60-க்கும் நடுவில் என்றால் வயோஷ்ரீ முகாம் அல்லது அலுவலகக் கார்டு. இரண்டும் இல்லை என்றால் சொந்தக் காசில் அடிப்படை டிஜிட்டல். முடிந்தவரை இரண்டு காதுக்கும் வாங்குங்கள், சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அறிய இரண்டும் வேண்டும். ரோடு கடக்கும்போது இது உயிர் விஷயம். 90-ஐத் தாண்டிய கோடு என்றால் விலையை விட முதலில் டாக்டரோடு பேச வேண்டும், எந்த மெஷினும் போதாமல் போகலாம்.

குழந்தை என்றால் இந்தக் கட்டுரையில் சொன்ன நிதானம் எதுவும் வேண்டாம். கூப்பிட்டால் திரும்பாத குழந்தையை அந்த வாரமே பாந்திராவுக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்கோ தூக்கிக்கொண்டு போங்கள். "அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டு நிற்காதீர்கள். அடிப் திட்டத்தில் சின்னக் குழந்தைகளுக்குக் காதுக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷனுக்கும் உதவி உண்டு. வயது ஏற ஏறப் பலன் குறையும்.

மெஷின் வந்த பிறகு

பேட்டரியின் அளவு எண்ணுக்கு நிறத்தில் அடையாளம் உண்டு: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். ஸ்டிக்கரை உரித்தவுடன் போடாமல் ஒரு நிமிடம் காற்றில் வைத்துப் போடுங்கள், அந்தப் பேட்டரி காற்றால்தான் வேலை செய்கிறது. உரித்ததைத் திரும்ப ஒட்டிச் சேமிக்க முடியாது. இரண்டு காதுக்கும் வருடத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் பேட்டரிக்கே ஆகும். இலவச மெஷினுக்கும் இந்தச் செலவு உண்டு, முதலிலேயே குடும்பத்தில் யார் பொறுப்பு என்று பேசி வையுங்கள்.

மும்பை மழைக்காலம் காது மெஷினுக்கு எதிரி. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காற்றே ஈரம். இரவில் கழற்றி, பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வைக்க வேண்டும். அப்பாவுடையது பழைய பிஸ்கட் டப்பா. பத்து மணிக்கு டப்பா மூடும் சத்தம் கேட்டால் அவர் படுத்துவிட்டார் என்று அர்த்தம். மோல்டில் குழாய்க்குள் வியர்வைத் துளி நின்றால் சத்தம் வராது, அதைக் கழற்றி ஊதிவிட்டால் போதும். மோல்டை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவலாம், மெஷினில் ஒரு சொட்டும் படக் கூடாது.

முதல் வாரம் அமைதியான நேரத்தில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் மட்டும் போடச் சொல்லுங்கள். பல வருடம் கேட்காத பாத்திரச் சத்தம், ஃபேன் சத்தம், சொந்தக் குரல் எல்லாம் ஒன்றாக வந்து விழும்போது எரிச்சல் வரும். அப்பா முதல் நாள், தாளிக்கிற சத்தத்துக்கே திடுக்கிட்டுத் திரும்பினார். "இவ்ளோ சத்தமாவா சமைக்கிற?" என்று அம்மாவைக் கேட்டார். இதைச் சொல்லி வைக்காவிட்டால் மூன்றாம் நாள் கழற்றிப் போட்டுவிடுவார்கள். மெல்ல நேரத்தைக் கூட்டி, ஒரு மாதத்தில் நாள் முழுக்க என்று கொண்டுவாருங்கள். அதற்குள் எந்த இடத்தில் எந்தச் சத்தம் உறுத்துகிறது, யார் குரல் புரியவில்லை என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். டியூன் செய்யப் போகும்போது "சரியா கேட்கல" என்று பொதுவாகச் சொன்னால் அவர்களால் எதையும் மாற்ற முடியாது. "பேத்தி குரல் புரியல, குக்கர் விசில் காதைக் குத்துது" என்று நோட்டைப் பார்த்துப் படித்தால், எந்தச் சுருதியை ஏற்றணும், எதை இறக்கணும் என்று அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.